வண்டலூர் ஹெரால்டும் வங்கிக்காரன் கணக்கும்

பழைய கார் புதுக் காரை விட அதிக விலைக்குப் போன நாடு நம்ம நாடு. தமாஷ் இல்லைங்க. 1960கள்ல கம்பெனி விலைக்கு ஒரு ஃபியட் வேணும்னா பேரை எழுதி வச்சுட்டு வருஷக்கணக்குல காத்திருக்கணும். முன்பணத்தைத் தபால் ஆபீஸ் சேமிப்புக் கணக்குல போட்டு, அந்தக் கணக்கை அடகு மாதிரி டீலர் பேருக்கு எழுதிக் கொடுக்கணும். அவ்வளவு பொறுமை இல்லாதவங்க, நல்லா ஓடிப் பழகின வண்டியையே கம்பெனி விலைக்கு மேல கொடுத்து வாங்கினாங்க. பி.காம். படிக்கும்போது தேய்மானம்னு ஒரு பாடம் நடத்துவாங்களே, அதுக்கு உதாரணமே பெரும்பாலும் கார்தான். வாங்கின அன்னிக்கே மதிப்பு இறங்க ஆரம்பிக்கும்னு சொல்லுவார் வாத்தியார். அந்தக் காலத்து இந்தியக் கார் மட்டும் அந்தப் பாடத்துக்கு அடங்காத சரக்கு.

இதை ஏன் இப்போ சொல்றேன்னா, பழைய சின்னக் கார்களை வீட்டு வாசல்லயே பிரிச்சுப் போட்டு மறுபடி கட்டுறதுதான் என் பொழுதுபோக்கு. மாற்றல் மேல மாற்றலா வாங்கி, கடைசியில மும்பையில வந்து உட்கார்ந்தவன் நான். ஆபீஸ்ல விஷயம் தெரிஞ்சதும் புதுசா வர்ற பசங்க ஒரு மாதிரி மரியாதையா பார்ப்பாங்க. பழைய கார்னா அவங்களுக்கு மகாராஜா, ரோல்ஸ் ராய்ஸ், வெள்ளை உறை போட்ட டிரைவர் இதெல்லாம்தான் ஞாபகம் வருது. "உங்க வீட்டுல பரம்பரை சொத்தா சார்?"னு ஒருத்தன் கேட்டே விட்டான். தம்பி, 35,000 ரூபாய்க்கு வாங்கின வண்டிடா இது. உன் கைல இருக்கிற போன் இதை விட விலை ஜாஸ்தி.

மகாராஜா கார்களுக்கு எழுதப்பட்ட சரித்திரம் நிறைய இருக்கு. டில்லியில ஸ்டேட்ஸ்மேன் பத்திரிகை 1964-ல ஆரம்பிச்ச ராலியில இருந்து எல்லாத்துக்கும் போட்டோவோட புஸ்தகம் உண்டு. நம்ம மாதிரி மாசச் சம்பளக்காரன் கைக்கு ஒரு மலிவான பழைய கார் எப்படி வந்து சேர்ந்தது, அது இனிமே இருக்குமா, இந்தக் கதையைத்தான் யாரும் சொல்றதில்லை.

இங்கிலாந்துல இது ரொம்ப முன்னாடியே ஆரம்பிச்சுடுச்சு. 1922-ல ஆஸ்டின் செவன்னு ஒரு குட்டிக் கார் வந்தது. 1939 வரைக்கும் கிட்டத்தட்ட 2,90,000 வண்டி செஞ்சாங்க. அவ்வளவு வண்டி ரோட்டுல இருந்தா என்ன ஆகும்? பத்து வருஷத்துல பழசு மலிஞ்சு போகும். கையில காசில்லாத இளைஞர்கள் அதை வாங்கி, வீட்டுப் பின்கட்டுல வச்சுப் பிரிச்சு மேய ஆரம்பிச்சாங்க. 1939-லயே அதுக்குன்னு 750 மோட்டார் கிளப்னு ஒரு சங்கம் வந்துடுச்சு. ஆக, இந்தப் பொழுதுபோக்குக்கு முதல் தேவை ஆர்வமோ திறமையோ இல்லை. முதல்ல வேணும்கிறது மிச்சம். ஊர்ல தேவைக்கு மேல கார் இருந்தாத்தான் சிலது மலிவாகும். மலிவானாத்தான் எவனாவது தைரியமா ஸ்பானரை எடுப்பான்.

இங்கே மிச்சம்கிற பேச்சுக்கே இடமில்லை. சுதந்திரத்துக்கு முன்னாடி மும்பை சிவ்ரியில 1928-ல இருந்தே ஜெனரல் மோட்டார்ஸ் அமெரிக்கக் கார்களைப் பூட்டி வித்துக்கிட்டு இருந்தது. 1949-ல முழுசா கட்டின கார் இறக்குமதியை நிறுத்தினாங்க. 1953-ல தீர்வை கமிஷன், இந்தியாவுலயே உற்பத்தி பண்ணத் திட்டம் உள்ள கம்பெனிகள் மட்டும் இருந்தா போதும்னு சொன்னது. வெறுமனே பூட்டி விக்கிறவங்க மூட்டை கட்டினாங்க. கார்னு பார்த்தா கடைசியில மிஞ்சினது மூணே கம்பெனி. கல்கத்தா பக்கம் உத்தர்பாராவுல ஹிந்துஸ்தான் மோட்டார்ஸ், பம்பாய் குர்லாவுல பிரீமியர் ஆட்டோமொபைல்ஸ், மெட்ராஸ்ல வண்டலூர் பக்கம் ஸ்டாண்டர்டு மோட்டார்ஸ். ஆளுக்கொரு துறைமுகம், ஆளுக்கொரு கார். அம்பாசடர், ஃபியட், ஹெரால்டு. எவ்வளவு செய்யலாம்கிறது லைசென்ஸ்ல இருக்கும். 1969-ல விலையையும் மத்திய அரசே சட்டப்படி நிர்ணயிச்சது. கம்பெனிகள் உச்ச நீதிமன்றம் வரைக்கும் போய் வழக்காடினது தனிக்கதை.

விலையைக் கட்டிப் போட்டு, உற்பத்தியையும் கட்டிப் போட்டா சரக்கு கறுப்புச் சந்தைக்குத்தான் போகும். இதுக்குப் பொருளாதார மேதை தேவையில்லை, ரேஷன் கடை வரிசையில நின்னவனுக்கே தெரியும். பழைய கார் முதலீடா ஆயிடுச்சு. முதலீட்டை எவனாவது விளையாட்டுக்குப் பிரிச்சுப் போடுவானா?

அதுக்காக அந்தக் காலத்து சொந்தக்காரங்களுக்குக் கார் வேலை தெரியாதுன்னு அர்த்தமில்லை. நம்மை விட நல்லாவே தெரியும். ஞாயிற்றுக்கிழமை காலையில ஸ்பார்க் பிளக்கைக் கழட்டி உப்புத்தாள்ல தேய்ப்பாங்க. பாயின்ட் இடைவெளியை ஃபீலர் கேஜ் வச்சுப் பார்ப்பாங்க, கேஜ் இல்லைன்னா கெட்டியான விசிட்டிங் கார்டு. ஃபேன் பெல்ட், ரேடியேட்டர் ஹோஸ் எப்பவும் டிக்கியில ஒண்ணு உபரியா கிடக்கும். ஆனா அது பராமரிப்பு. கட்டாயத்துல பண்றது. இந்தக் கார் போனா அடுத்தது எப்போ கிடைக்குமோன்னு பயத்துல பண்றது. பொழுதுபோக்கா பண்றதுக்கும் அதுக்கும் உள்ள வித்தியாசம், பசிக்குச் சமைக்கிறதுக்கும் பண்டிகைக்குப் பலகாரம் பண்றதுக்கும் உள்ள வித்தியாசம்தான்.

இப்போ ஹெரால்டு கதைக்கு வரேன். என்கிட்ட இருக்கிறதும் அதுதான். பக்கச்சார்பு கொஞ்சம் தெரிஞ்சா பொறுத்துக்கோங்க.

இங்கிலாந்துல ஸ்டாண்டர்டு-டிரையம்ஃப் கம்பெனிக்கு ஃபிஷர் அண்டு லட்லோங்கிற கம்பெனி பாடி செஞ்சு கொடுத்துக்கிட்டு இருந்தது. 1953-ல அந்த பாடி கம்பெனியை, போட்டிக் கம்பெனியான பி.எம்.சி. வாங்கிப் போட்டுச்சு. போட்டியாளனுக்கு எதுக்கு பாடி செஞ்சு கொடுக்கணும்? புதுக் காருக்கு செஞ்சு தர மாட்டோம்னு கையை விரிச்சாச்சு. முழு பாடியையும் ஒரே இடத்துல அடிச்சுக் கொடுக்கிற ஆள் வேற யாரும் அமையலை. மத்த கம்பெனியெல்லாம் தனி சேசிஸை விட்டுட்டு, பாடியையே எலும்புக்கூடா வச்சுக் கட்ட ஆரம்பிச்ச காலம் அது. இவங்க என்ன பண்ணாங்கன்னா, பழைய முறைப்படி தனி சேசிஸ் போட்டு, அதுமேல சின்னச் சின்னத் துண்டா பல பட்டறையில அடிச்சு வாங்கின பாகங்களைப் போல்ட் போட்டு முடுக்கிட்டாங்க. டூரின் நகரத்து ஜியோவன்னி மிக்கலோட்டி அதுக்கு அழகா ஒரு உருவம் வரைஞ்சு கொடுத்தார். 1959-ல ஹெரால்டு வெளியே வந்தது.

கம்பெனியோட கஷ்டகாலம் வீட்டுல ரிப்பேர் பண்றவனுக்கு வரமா முடிஞ்சது. பானெட்னா சும்மா ஒரு மூடி இல்லை. ரெண்டு பக்க மட்கார்டு, ஹெட்லைட்டு எல்லாம் சேர்ந்து மொத்தமா முன்பக்கமா சாயும். முன் டயர் மேலயே உட்கார்ந்துக்கிட்டு எஞ்சின் வேலை பார்க்கலாம், முதுகு வலிக்காது. கூரையே போல்ட்டுலதான் நிக்குது, நாலு பேர் பிடிச்சா கழட்டி ஓரமா வச்சிடலாம். முன்னாடி ஒரு துண்டு, பின்னாடி ஒரு துண்டு. எது துருப்பிடிச்சதோ அதை மட்டும் கழட்டினா போதும். திரும்புற வட்டம் 25 அடிதான், லண்டன் டாக்ஸி மாதிரி நின்ன இடத்துல சுத்தும். எங்க அடுக்குமாடி பார்க்கிங்ல இந்த ஒரு குணத்துக்காகவே அதுக்குக் கோயில் கட்டலாம்.

இன்னொண்ணும் இருக்கு. துண்டு துண்டா இருக்கிற காரைப் பெட்டியில போட்டுக் கப்பல் ஏத்துறது சுலபம். பெரிய பிரஸ் மெஷின் வாங்க வசதியில்லாத ஊர்லயும் பூட்டிக்கலாம். வண்டலூருக்கு அது 1961-ல வந்தது. 948 சிசி எஞ்சின். போகப் போக உள்நாட்டுப் பாகங்கள் கூடிக்கிட்டே போச்சு. 1960களோட பிற்பகுதியில இங்கிலாந்துலயே இல்லாத நாலு கதவு ஹெரால்டை நம்ம ஆளுங்க செஞ்சாங்க. இங்கே கார்னா குடும்பம், மாமியார், கூஜா எல்லாம் ஏறணும் இல்லையா?

குறையும் சொல்லணும். பின்பக்கம் குறுக்கே ஒரே ஒரு பட்டை ஸ்பிரிங். சக்கரம் ஒவ்வொண்ணும் தனித்தனியா ஆடும். நல்ல ரோட்டுல சொகுசு. நம்ம ரோட்டுல ஆறு பேரை ஏத்தினா பின்சக்கரம் ரெண்டும் கால் அகட்டி நிக்கும். ஸ்பிரிங் தளர்ந்துட்டா காலி வண்டியே அப்படித்தான் நிக்கும். முன்பக்கம் வேற ஒரு வில்லங்கம். சக்கரத்தைத் தாங்குற இரும்புத் தண்டு கீழே ஒரு பித்தளை மரையில திருகி உட்கார்ந்திருக்கும். ஸ்டியரிங் திருப்பும்போதெல்லாம் அந்த மரையிலதான் சுத்தும். அதுக்கு கியர் ஆயில்தான் விடணும். நம்ம ஊர் பட்டறையில எந்த நிப்பிளைப் பார்த்தாலும் கிரீஸ் கன்னை வச்சு அமுக்கிடுவாங்க. கிரீஸ் கெட்டியாகி உள்ளே போகாது, ஈரம் போகும், மரை துருப்பிடிக்கும், ஒருநாள் திருப்பத்துல தண்டு முறிஞ்சு சக்கரம் உள்பக்கமா மடிஞ்சு படுத்துடும். ஹெரால்டுக்கு "சக்கரம் கழண்டுக்கிற கார்"னு கெட்ட பேர் வந்ததுல பாதி இந்தக் கிரீஸ் கன் பண்ணின வேலைன்னு நான் நினைக்கிறேன். எங்க அப்பாவோட சிநேகிதர் ஒருத்தர், ஹெரால்டுன்னு பேர் எடுத்தாலே இன்னிக்கும் தலையை ஆட்டுவார்.

பின்சக்கர வம்பு வேண்டாம்னு, 1970களோட ஆரம்பத்துல சாதாரண ஆக்ஸில் போட்டு, முகத்தை மாத்தி, கெஸல்னு ஒரு வண்டியை விட்டாங்க. நேரம் சரியில்லை. 1973-ல எண்ணெய் நெருக்கடி, பெட்ரோல் விலை எகிறிடுச்சு. கெஸல் கொஞ்சம் கொஞ்சமா செஞ்சு 1977-ல நின்னது. அப்புறம் 1985-ல ரோவர் பாடிக்குள்ள பழைய வேன்கார்ட் எஞ்சினை வச்சு ஸ்டாண்டர்டு 2000-னு பெருசா ஒண்ணு விட்டு, மூணு வருஷத்துல கம்பெனியே இழுத்து மூடியாச்சு. அதைப் பத்தி நான் பேச விரும்பலை.

சாமானியனுக்கு மலிவா ஒரு சின்னக் கார் வேணும்கிற பேச்சு மட்டும் 1950கள்ல இருந்தே ஓடிக்கிட்டு இருந்தது. எல்.கே. ஜா தலைமையிலான கமிட்டி அதைச் சிபாரிசு பண்ணினது. மகாராஷ்டிராவுல இசல்கரஞ்சியில சங்கரராவ் குல்கர்னின்னு ஒருத்தர், தானே மீரான்னு ஒரு குட்டிக் காரை வடிவமைச்சுக் கட்டினார், உற்பத்திக்கு வரவே இல்லை. சஞ்சய் காந்தியோட மாருதி லிமிடெட் 1971-ல ஆரம்பிச்சு, காரே வராம மூடினது எல்லாருக்கும் தெரிஞ்ச கதை. 1981-ல அரசாங்கக் கம்பெனியா மாருதி உத்யோக் வந்து, அடுத்த வருஷம் சுசுகியோட ஒப்பந்தம் போட்டு, 1983 டிசம்பர் 14-ந் தேதி முதல் 800-ஐ சாவி கொடுத்தாங்க. விலை 50,000 ரூபாயை ஒட்டி. அதுக்கு முன்னாடியே ஆளுக்கு 10,000 கட்டி ஒரு லட்சத்துக்கும் மேல பதிவு பண்ணியிருந்தாங்க. கார் ஒண்ணு கூட ரோட்டுக்கு வராத முன்னாடியே 100 கோடிக்கு மேல டெபாசிட்! எங்க வங்கிக்காரங்க இன்னிக்கும் அதை நினைச்சுப் பெருமூச்சு விடலாம்.

என் கணக்குப்படி, நம்ம ஊர்ல மலிவான பழைய கார்னு ஒரு ஜாதி பிறந்தது அதுக்கு அப்புறம்தான். மாருதி வந்தது, 1993-ல கார் உற்பத்திக்கு லைசென்ஸே தேவையில்லைன்னு ஆச்சு, வங்கிகள் கார் லோனைத் துரத்தித் துரத்திக் கொடுக்க ஆரம்பிச்சது. (நானும் துரத்தியிருக்கேன். டார்கெட் அப்படி.) இருபது வருஷமா தங்கம் மாதிரி வச்சிருந்த ஃபியட்டும் ஹெரால்டும் ஒரே பத்து வருஷத்துல பேரீச்சம்பழத்துக்குப் போடுற விலைக்கு வந்துடுச்சு. வாத்தியார் சொன்ன தேய்மானம் ரொம்ப லேட்டா வந்து, வட்டியும் முதலுமா வாங்கிக்கிச்சு. பெரியவங்களுக்கு நஷ்டம். என் தலைமுறைக்கு அதுதான் வாசல். மகாராஜா காரை ஏலத்துல எடுக்கிறவங்களுக்கு இது புரியாது.

நான் ஹெரால்டை வாங்கினது 2012-ல. 1969 மாடல், நாலு கதவு. புனேயில ஒரு வீட்டு ஷெட்டுல தார்ப்பாய்க்குக் கீழே பதினோரு வருஷம் கிடந்தது. லாரியில ஏத்திக் கொண்டு வர 6,000. அடுத்த நாலு வருஷம் செலவானது 1,85,000. ஒவ்வொரு ரூபாயும் பேரேட்டுல இருக்கு, வீட்டு அம்மாவுக்கு மட்டும் காட்டுறதில்லை.

அதுல ஒரு விஷயம் கவனிச்சேன். 1988-ல செத்துப் போன கம்பெனியோட காருக்கு ஸ்பேர் கிடைக்காதுன்னுதான் எல்லாரும் பயமுறுத்தினாங்க. கிடைச்சது. ஏன்னா வண்டலூர்க்காரங்க எல்லாத்தையும் தாங்களே செய்யலை. அந்தக் காலத்துல சென்னையைச் சுத்தி ஒரு பாகத்துக்கு ஒரு கம்பெனின்னு முளைச்சிருந்தது. மின்சார சாமானுக்கு பாடியில லூகாஸ்-டிவிஎஸ் 1961-ல வந்தது, அடுத்த வருஷம் பிரேக்ஸ் இந்தியா. பிஸ்டனுக்கு இந்தியா பிஸ்டன்ஸ் 1949-ல இருந்தே இருக்கு. இவங்க ஹெரால்டுக்கு மட்டும் செய்யலை, ஜீப்புக்கும் அம்பாசடருக்கும் டிராக்டருக்கும் செஞ்சாங்க. அதனால ஒரு பிரேக் சிலிண்டர் ரப்பர் கிட்டோ ஸ்டார்ட்டர் மோட்டார் புஷ்ஷோ வேற எதுலயாவது ஒளிஞ்சுக்கிட்டு இருக்கும். புதுப்பேட்டையில ஒரு கிழவர் பாகத்தைக் கையில வாங்கி, கண்ணை மூடிக்கிட்டு விரலால தடவிப் பார்த்துட்டு இது எந்த வண்டிக்கும் பொருந்தும்னு வரிசையா சொல்லுவார். கம்ப்யூட்டர் தோத்துடும். இங்கிலாந்துல இருந்தும் வரவழைக்கலாம், ஆனா பின்கதவுக்கு மட்டும் முடியாது. அப்படி ஒரு கதவே அங்கே இல்லையே! அந்த ரப்பர் பீடிங்கை வேற கார் பீடிங்கை வெட்டி ஒட்டித்தான் சமாளிச்சேன்.

மும்பையில ஃபியட் வச்சிருந்தவங்க கதை இதுக்கு நேர்மாறு. ஃபியட் 1100-தான் 1974-ல பிரீமியர் பத்மினின்னு பேர் மாத்திக்கிட்டது. தனி சேசிஸ் கிடையாது, தரை துருப்பிடிச்சா உடம்பே போன மாதிரி. வெல்டிங் தெரியாம வீட்டுல கட்ட முடியாது. ஆனா ஸ்பேருக்குக் கவலையே இல்லை, ஏன்னா ஊர் முழுக்கக் கறுப்பு-மஞ்சள் டாக்ஸி அதுதான். குர்லாவுலயும் சோர் பஜார்லயும் கிளட்ச் பிளேட்ல இருந்து கதவுக் கைப்பிடி வரைக்கும் மலைமலையா கிடக்கும். ஒரு டாக்ஸி ஓட்டி அன்னன்னைக்கு வயித்துப்பாட்டுக்கு வாங்குற பாகம்தான், எங்க மாதிரி ஆளுங்களோட ஞாயிற்றுக்கிழமை விளையாட்டுக்கும் தீனி போட்டுச்சு. டாக்ஸிக்கு 20 வருஷம்தான் ஆயுசுன்னு வரம்பு வந்தது. கடைசியா 2003 அக்டோபர் 29-ல தாட்தேவ் ஆர்.டி.ஓ.வுல பதிவான பத்மினி டாக்ஸியோட காலம் 2023 அக்டோபர்ல முடிஞ்சது. அன்னிக்குப் பேப்பர்ல எல்லாரும் பழைய ஞாபகம், சினிமாப் பாட்டுன்னு உருகினாங்க. எனக்குத் தெரிஞ்ச பத்மினிக்காரர் ஒருத்தர் மட்டும் உருகலை. நேரா குர்லா போய் நாலு செட் பிரேக் ஷூவும் ரெண்டு வாட்டர் பம்ப்பும் வாங்கிப் போட்டுக்கிட்டு வந்தார். விஷயம் தெரிஞ்சவர்.

சரி, இனிமே என்ன ஆகும்? இதுதான் இப்போ என்னை அரிக்கிற கேள்வி.

சொந்தக் காருக்கு முதல் பதிவு 15 வருஷம். அப்புறம் அஞ்சு அஞ்சு வருஷமா நீட்டிக்கணும். இந்த நீட்டிப்புக் கட்டணம் 600 ரூபாயா இருந்தது. 2022 ஏப்ரல்ல 5,000 ஆச்சு. 2025 ஆகஸ்ட்ல, 20 வருஷம் தாண்டின கார்னா 10,000-னு ஆக்கினாங்க. டில்லி வட்டாரத்துல இந்த வழியே கிடையாது. 15 வருஷம் தாண்டின பெட்ரோல் காரும் 10 வருஷம் தாண்டின டீசல் காரும் ரோட்டுல ஓடக் கூடாதுங்கிற பசுமைத் தீர்ப்பாயத்தோட உத்தரவை 2018-ல உச்ச நீதிமன்றமும் உறுதி பண்ணிடுச்சு. அங்கே இருந்த எங்க வங்கி நண்பர், அவங்க அப்பா வாங்கின மாருதி 800-ஐ ராஜஸ்தான்ல யாருக்கோ வித்துட்டு, ஒரு வாரம் யாரோடயும் பேசலை.

புகை வேண்டாம்கிறதுல எனக்கு மாற்றுக் கருத்து இல்லைங்க. எனக்கும் நுரையீரல் இருக்கு, மும்பையில குளிர்காலத்துல நானும் இருமுறேன். தினமும் 60 கிலோமீட்டர் ஓடுற பழைய வண்டி போகட்டும். மாசத்துக்கு 40 கிலோமீட்டர் ஓடுற வண்டிக்கும் அதே கத்தரியான்னுதான் கேட்கிறேன்.

2021 ஜூலையில வின்டேஜ் வாகனங்களுக்குன்னு தனி விதி கொண்டு வந்தாங்க. நல்ல விஷயம், முதல் தடவையா சட்டம் பழைய காரைப் பழைய கார்னு ஒத்துக்கிட்டது. முதல் பதிவுல இருந்து 50 வருஷம் தாண்டியிருக்கணும். 20,000 ரூபாய் கட்டினா 10 வருஷத்துக்குப் பதிவு, அப்புறம் புதுப்பிக்க 5,000. நம்பர் பிளேட்டுல தனியா "விஏ"ன்னு எழுத்து.

இப்போ கணக்குப் போடுங்க. ரோல்ஸ் ராய்ஸுக்கு 50 வருஷம் ஒரு பிரச்னையே இல்லை, அரண்மனை ஷெட்டு இருக்கு, பாதுகாக்க ஆள் இருக்கு. 1984-ல ரோட்டுக்கு வந்த மாருதி 2034-லதான் வின்டேஜ் ஆகும். என்கிட்ட ரெண்டாவதா ஒரு 1994 மாருதி 800 நிக்குது, அது ஆகிறது 2044. வருமான வரிச் சட்டம் காருக்குச் சொல்ற 15 சதவீதத் தேய்மானத்தைக் குறைந்துசெல் முறையில போட்டா, 100 ரூபாய்க் கார் 15 வருஷத்துல 9 ரூபாய்க்குக் கீழே வந்துடும். அந்த 9 ரூபாய்க் காரை இன்னும் 35 வருஷம், ஏழு தடவை நீட்டிப்பு, ஏழு தடவை தகுதிச் சோதனை, மாநிலத்துப் பசுமை வரி இதெல்லாம் கட்டிக் காப்பாத்தினாத்தான் சட்டம் அதுக்கு மரியாதை கொடுக்கும். யார் காப்பாத்துவா? விலையுயர்ந்த காரைக் காப்பாத்த அதோட விலையே காரணம். மலிவான காரைக் காப்பாத்த அதை நேசிக்கிற ஒரு கிறுக்கன் வேணும். அவன் சம்பளக்காரனாத்தான் இருப்பான். 25 லட்சத்துக்கு மேல செஞ்ச மாருதி 800, 2014-ல நின்னு போச்சு. முதல் வருஷத்து மாடல் இப்போ தேடினாலும் கிடைக்கிறதில்லை. இந்தியா முழுக்க நடுத்தரக் குடும்பம் முதல் முதலா நனையாம கோயிலுக்குப் போன கார் அது. மியூசியத்துல ஒண்ணு ரெண்டு நிக்கும், வாஸ்தவம்தான். வீட்டு வாசல்ல நிக்கிற வண்டியைப் பத்தித்தான் என் பேச்சு.

இன்னொரு நிபந்தனை, எனக்கு இன்னும் கசக்குறது. வண்டி ஆதி உருவத்துல இருக்கணும், சேசிஸ்லயோ பாடியிலயோ எஞ்சின்லயோ பெரிய மாற்றம் பண்ணியிருக்கக் கூடாது. கேட்க நியாயமாத்தான் இருக்கு. ஆனா நம்ம ஊர்ச் சின்னக் கார் பிழைச்சதே மாத்திக் கட்டினதாலதானே? டைனமோ போய் ஆல்டர்னேட்டர் வந்தது, பெட்ரோல் விலைக்குப் பயந்து டீசல் எஞ்சின் வந்தது, கிடைக்காத கியர்பாக்ஸுக்குப் பதிலா கிடைச்ச கியர்பாக்ஸ் வந்தது. நான் பார்த்த ஹெரால்டுகள்ல பாதிக்கு மேல ஏதாவது ஒரு உறுப்பு இரவல். அந்த ஒட்டுப்போட்ட உடம்புதான் நம்ம தட்டுப்பாட்டுக் காலத்தோட நிஜமான ஆவணம். பீரோவுல பட்டுத்துணி சுத்தி வச்ச காருக்கு மட்டும்தான் சரித்திரம்னு சொன்னா, உழைச்ச காருக்கு என்ன பேர்?

என் ஹெரால்டுல எஞ்சின், சேசிஸ் எல்லாம் பிறந்தப்போ வந்ததுதான், அதனால தப்பிச்சுடும். 2019-லயே 50 ஆயிடுச்சு. வின்டேஜ் பதிவுக்கு 10 வருஷத்துக்கு 20,000. சாதாரணப் பதிவை நீட்டிச்சாலும் 10,000 வீதம் ரெண்டு தடவை, அதே 20,000. பணக் கணக்கு சரிசமம், வித்தியாசம் உபயோகத்துல. வின்டேஜ் பிளேட் போட்டா கண்காட்சி, ராலி, பெட்ரோல் போட, ரிப்பேருக்கு, தொழில்நுட்ப ஆராய்ச்சிக்கு எடுத்துட்டுப் போகலாம். ஞாயிற்றுக்கிழமை காலையில மாட்டுங்கா மார்க்கெட்டுக்குப் போய் வாழைக்காயும் கருவேப்பிலையும் வாங்கிட்டு வர முடியாது. அந்த லிஸ்டுல வாழைக்காய் இல்லை.

சாதாரணப் பதிவுன்னா தகுதிச் சோதனைக்கு நிக்கணும். வர்ற ஜூன்ல என் நீட்டிப்புக் காலம் முடியுது. மழை ஆரம்பிக்கிறதுக்குள்ள பின்பக்கத்துப் பட்டை ஸ்பிரிங்கை இறக்கி, தளர்ந்த இலைகளை மாத்தணும். குர்லா சி.எஸ்.டி. ரோடு பக்கம் ஒரு பட்டறையில மாதிரி கொண்டு வாங்க, அடிச்சுத் தரேன்னு சொல்லியிருக்கார். அடுத்த சனிக்கிழமை ரெண்டாவது சனி, பேங்க் லீவு. பக்கத்து ஃபிளாட் குஜராத்திப் பையன் ஜாக்கி பிடிக்க வரேன்னு இருக்கான்.